மண்டபத்தில் எழுந்தது யார்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நல்லது எதுவும் கைக்கு வந்து சேரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்களா, சொல்லக் கூடாது. மனை பதிவாகிறதா, சொல்லக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பது அம்மாவின் அரசியல் சாசனம். அதனால் வெளிநாட்டில் முதுகலை படிக்க ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று நான் சொன்னபோது, எந்த நாடு, என்ன படிப்பு என்று அவள் கேட்கவில்லை. "யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக என் தோழியிடம் சொல்லவில்லை. கல்லூரியில் நான்கு வருடமும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். படப்பையிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கிக் காத்திருப்பேன். தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று அதில் ஏறி, இருவரும் வேலை பார்க்கும் கிண்டி வரை ஒன்றாகப் போவோம். அவள் மேனேஜரின் அற்பத்தனம் முதல் அவள் தம்பியின் காதல் வரை எனக்குத் தெரியும். என்னுடையதும் அவளுக்கு அத்துப்படி. இந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் வாங்கித் தந்த சமோசாவைத் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை கிண்டி. இரண்டுக்கும் நடுவில் வேறு வழி எனக்கு இல்லை. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. கட்டுரைதான் எல்லாம். நீங்களாக முன்னின்று செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். படிப்பு நீர் மேலாண்மை என்பதால் நான் எழுதிய முதல் வரி, 'சிறு வயது முதலே தண்ணீர் மீது எனக்குத் தீராத காதல்.' சிறு வயதில் என்னைக் குளிக்க வைக்க அம்மா தெருவெல்லாம் துரத்தியது தெருவுக்கே தெரியும். அந்த வரியை அடித்தேன். அடுத்து எழுதிய 'சமுதாயத்துக்குச் சேவை செய்வதே என் கனவு' என்பதையும் அடித்தேன். முன்னின்று என்று யோசித்தால், நாங்கள் எப்போது முன்னே நின்றோம்? ரேஷன் கடையில்கூட அம்மா என்னை வரிசையில் நடுவில்தான் நிற்க வைப்பாள்.

கடைசியில் எங்கள் கல்லூரி புராஜெக்ட்டை எழுதினேன். சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டி ஒரு காலனி. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். நானும் தோழியும் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து சோதித்தோம். ஒரு தெருக் கிணறுகளில் மட்டும் சாக்கடை கலந்திருந்தது. அதைச் சொல்ல, காலனிச் சங்கத்தார் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். செயலாளர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தார். "ஏம்மா, இதெல்லாம் வெளிய தெரிஞ்சா இங்க வீட்டை எவன் வாங்குவான்? ரிப்போர்ட்டை உங்க காலேஜோட வெச்சுக்குங்க." அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன், எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன் என்று என் கட்டுரை முடிந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பரிந்துரைக் கடிதத்துக்காக எங்கள் புராஜெக்ட் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை காலையில் அவர் போன் வந்தது. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமையோடு கடைசி.

"கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் ஃப்ரெண்டும் இதே கதையைத்தான் எழுதி அனுப்பியிருக்கா. அதுலயும் 'நான் எழுந்து நின்னேன்'னு இருக்கு. மண்டபத்துல எழுந்தது யார்மா?"

"சார்..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ரெண்டு கட்டுரையும் ஒரே மேஜைக்குத்தான் போகும். இப்படியே அனுப்பினா ரெண்டு பேருக்கும் என்னால லெட்டர் தர முடியாது."

அவளும் விண்ணப்பிக்கிறாளா? எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். என்னிடம் மறைத்திருக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தேன். நானும் அதையே செய்திருக்கிறேன் என்பது உறைக்கவே சிறிது நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாம்பரம் பிளாட்பாரத்தில், வழக்கமாக நாங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் சந்தித்தோம். சபையிலிருந்து நேராக வந்திருந்தாள். கைப்பையில் பைபிள் எட்டிப் பார்த்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்று நான் முந்திக்கொண்டேன். மாட்டிக்கொண்டவர் முதலில் சத்தம் போட வேண்டும் என்பது என் கொள்கை.

"நீ சொன்னியா?"

"எங்கம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

"எங்கம்மா ஜெபத்துல வெச்சிகினு இருக்காங்க. கெடச்சப்புறம் சபையில சாட்சி சொல்லிக்கலாம், அதுவரைக்கும் வாயத் தொறக்காதேன்னாங்க."

சாமிதான் வேறு வேறு, அம்மாக்கள் ஒன்று. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்று ஒருவர் போனை ஒருவர் பிடுங்கிப் படித்தோம்.

"இன்னாடி இது?" என்றாள் அவள். "எழுந்து பேசினது நானு. என் வாயில இருந்து வந்ததை எடுத்து உன் வாயில வெச்சிகினு இருக்கே."

"முதல்ல எழுந்தது நான்."

"எழுந்து இன்னா சொன்னே? 'சார்'னு சொன்னே. அப்புறம் உக்காந்துட்டே."

பக்கத்தில் நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மெதுவாகப் பேசு என்று அவளுக்குச் சைகை காட்டினேன். ஆனால் அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அன்று மண்டபத்தில் நான் எழுந்தேன், சார் என்றேன், செயலாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் உட்கார்ந்த பிறகு அவள்தான் எழுந்து, "சார், அந்தத் தெருத் தண்ணியைக் குழந்தைங்களுக்குக் கொடுக்காதீங்க" என்றாள். அந்த ஒரு வரிதான். மண்டபம் இரைச்சலில் மூழ்கிவிட்டது.

நானும் விடவில்லை. "சோதனை எல்லாம் தனியா செஞ்சேன்னு எழுதியிருக்கியே, லேப்ல கால் வலிக்க நின்னது உன் ஆவியா?"

ஒரு செங்கல்பட்டு வண்டி வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இருவரும் அழுதோம் என்று சொல்ல ஆசைதான். அழவில்லை. ஒருவரை ஒருவர் அடித்துவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாளைக்குள் கட்டுரை வேண்டும். மண்டபத்தை அவளிடம் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்? பாட்டில் கழுவியதையா எழுதுவது?

"சரி, மண்டபம் உன்னுது. நான் ஒண்ணுமே செய்யலை, போதுமா? கூட்டம் முடிஞ்சு நீ பஸ்ஸுக்கு ஓடிட்டே. நான் ஒவ்வொரு வீட்டு கேட்டா அலைஞ்சேன், அவ்ளோதான்."

"எந்த கேட்டு?"

அப்போதுதான் அது அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு நினைவு வந்தது. மண்டபத்தில் ஆண்கள் எல்லோரும் விஷயத்தை வெளியே விடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நேரே அந்தத் தெருவுக்குப் போய் ஒவ்வொரு கேட்டாகத் தட்டி, வந்த பெண்களிடம் மெதுவாகச் சொன்னேன். கூட்டத்தில் வராத பேச்சு கேட்டில் வந்தது. ஒருத்தி கதவை அறைந்து சாத்தினாள். ஒருத்தி, "எங்க வீட்டுக்காரர் இப்பதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போனார்" என்றாள். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி மட்டும் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த கிணற்று மோட்டாரை நிறுத்தினாள். செயலாளர் கல்லூரிக்குப் புகார் எழுதிவிடுவார் என்ற பயத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் சொல்லவும் தோன்றவில்லை.

அதை முதல்முறையாக அவளிடம் சொல்லி முடித்தேன்.

"லூசாடி நீ? இதை வுட்டுட்டு எதுக்கு என்னுதைத் திருடினே?"

"கேட்ல நின்னு நாலு பொம்பளைங்ககிட்ட பேசுறதெல்லாம் ஒரு லீடர்ஷிப்பா?"

"நான் கத்தினதால எந்த மோட்டார் நின்னுச்சு?" என்றாள் அவள்.

அதன் பிறகு அந்தப் பெஞ்சிலேயே இரண்டு கட்டுரையையும் பிரித்துப் போட்டோம். அவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. 'அஞ்சாமல்' என்று அவள் எழுதியிருந்ததை, உன் துப்பட்டா நடுங்கியது எனக்குத் தெரியும் என்று அடிக்க வைத்தேன். 'பலர் பயனடைந்தனர்' என்று நான் எழுதியதை, எத்தனை பேர், யார், நீ பார்த்தாயா என்று கேட்டு ஒரே ஒரு மோட்டாராகக் குறைத்தாள். என் கட்டுரையில் அவள் மண்டபத்தில் பேசினாள். அவள் கட்டுரையில் நான் லேபில் நின்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய்க் கட்டுரை புலி மாதிரி இருந்தது. இது என்னை மாதிரி இருந்தது. பேராசிரியர் மறுநாள் காலையிலேயே இரண்டு கடிதமும் அனுப்பிவிட்டார்.

நேர்காணலுக்கு இருவரையும் அழைத்தார்கள். கிடைத்தது அவளுக்கு.

"அவகிட்ட சொன்னே இல்ல?" என்றாள் அம்மா. தட்டில் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். படப்பை சபையில் எல்லோர் முன்னாலும் கடவுளுக்கு நன்றி சொல்லித் தோழி சாட்சி சொன்னாள். எனக்கும் அழைப்பு வந்தது, நான் போகவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வழியனுப்ப மட்டும் போய், பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

இந்த வருடம் மறுபடி எழுதுகிறேன். இம்முறை எதிர்பார்த்தது நடக்காமல் போன ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாமல், முதல் வேலையாகக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது விடிந்திருக்கக்கூட இல்லை. உடனே பதில் வந்தது.

"'தோழிக்குக் கிடைத்தபோது மனதார மகிழ்ந்தேன்'னு எழுதிகீறியே. எந்த மனசாரடி? நான் கெளம்புற வரைக்கும் என்னைப் பார்க்கக் கூடாதுன்னு தெனமும் முந்தின வண்டியில கிண்டிக்குப் போனவதானே நீ? அழி."

அழித்துவிட்டு, அந்த முந்தின வண்டியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.