கிள்ளானுக்குப் போன எலுமிச்சை ஐஸ்

இந்த மலாய் ஊரில் காலை ஏழு மணிக்கே தேத்தண்ணீரில் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். ரொட்டி சானாய்க் கடையில் பக்கத்து மேசைக்காரர் குவளையைக் கலகலவென்று ஆட்டினால் எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்கள் கோவில்பட்டியில் ஐஸ் என்பது வெயில் ஏறின பிறகு, அதுவும் அம்மா கண்ணில் படாமல் தின்கிற சாமான். காய்ச்சல்காரர்கள் அதன் பேரைக்கூடச் சொல்லக் கூடாது. அப்படி வளர்ந்த நான், காய்ச்சலில் படுத்து எழுந்த என் அக்காவுக்கு ஐஸ் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் தனியாக ரயில் ஏறினேன் என்றால் நம்புவீர்களா? எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தபோது நான் பாவாடை கட்டுகிற பிள்ளை. அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் இங்கே வந்தது, அத்தானும் போய், என் வீட்டுக்காரரும் போன பிறகு, பிரிக்பீல்ட்ஸில் மகளோடு இருக்க. வந்தும் என்ன? மகள் காரில் கூட்டிக்கொண்டு போகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அக்கா முகத்தைப் பார்ப்பேன். தனியாகப் போகக் கூச்சம். கடையில் ஒரு சாமான் கேட்பதென்றாலும் முன்னால் நிற்கிறவர் போகட்டும், பின்னால் வந்தவரும் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிற ஆள் நான்.

அக்காவுக்கு டெங்கி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். காய்ச்சல் போனதோடு வாய் ருசியும் போய்விட்டது. அன்றைக்குக் காலையில் அவள் மருமகள் கலா போனில் அழாத குறை. "சின்னத்தை, கஞ்சி குடுத்தாலும் எளநீ குடுத்தாலும் இரும்ப நக்குன மாதிரி இருக்குன்னு துப்பிடுறாங்க. இன்னைக்கும் ஒண்ணும் எறங்கலன்னா நாளைக்கு மறுபடி வார்டுல சேத்துதான் டிரிப் போடணுமாம். ஜூஸ், ஐஸ்கிரீம், எது எறங்குதோ குடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவங்க வாயவே தொறக்க மாட்டேங்குறாங்க." ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் அக்கா மனசு விட்டுவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

சாமி படத்துக்குப் பூ வாங்கப் போனேன். பூக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இத்தாலி ஐஸ் கடை வந்திருக்கிறது. பச்சை, வெள்ளை, சிவப்பில் கொடி தொங்கும். நடத்துகிறவள் ஒரு சீனப் பெண். இத்தாலிக்கே போய்த் தொழில் கற்று வந்தவளாம். கண்ணாடி வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. அன்றைக்கு அவளே வாசலில் நின்று, "மாரி, ஆன்டி, மாரி! சோபா டூலு!" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். மலாயில், வந்து முதலில் ருசி பாருங்கள் என்கிறாள். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். போய்விட்டேன்.

காது குடைகிற கரண்டி அளவில் ஒரு கரண்டி. நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு ஐஸ். அடுத்தவர் வாய்க்கும் போகிற கரண்டியாயிற்றே, எச்சில் பண்ணலாமா? அண்ணாந்து, உதட்டில் படாமல் மேலே இருந்து தட்டினேன். அது கன்னத்தில் விழுந்து கழுத்துக்குள் இறங்கியது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு பொட்டு வைத்தாள். இந்தத் தடவை சரியாக நாக்கில்.

அய்யோ, என்ன சொல்வேன்! பால் இல்லை, பாகு இல்லை. எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரை, அதற்கு அடியில் தோலின் சின்னக் கசப்பு. கோவில்பட்டி ஐஸ் கம்பெனியில் பழத்தைத் தோலோடு நசுக்கிப் போட்டுக் குச்சி ஐஸ் செய்வார்கள். அதே கசப்பு! அக்காவும் நானும் ஒன்று வாங்கி, பாவாடை நுனியால் மூடிக் காக்காக்கடி கடித்துப் பங்கு போடுவோம். துணி மேல் கடித்தால் எச்சில் இல்லை என்பது எங்கள் சட்டம். அந்த ஐஸ், ஒரு சீனப் பெண் கையால், இத்தாலிக் கொடிக்குக் கீழே!

கரண்டியைச் சுத்தமாக வலது கையால் திருப்பிக் கொடுத்தேன். "புவாங், ஆன்டி, புவாங்!" என்று அவள் குப்பைத் தொட்டியைக் காட்டினாள். என் வாய் பட்டதென்று தூக்கிப் போடச் சொல்கிறாளோ என்று முகம் சுருங்கிப்போனது. "எச்சில் பண்ணலம்மா, சுத்தமாத்தான் இருக்கு" என்றேன் தமிழில். எனக்கு ருசி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் மாம்பழ ஐஸை எடுத்து நீட்டினாள். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரர் தன் கரண்டியை நன்றாகச் சப்பிவிட்டுத் தொட்டியில் எறிந்தார். அட, ஒருவருக்கு ஒரு கரண்டியா! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எலுமிச்சையைக் காட்டி, பெரிய டப்பா வேண்டும் என்று சத்தமாகக் கேட்டு, இரண்டு கையாலும் அளவு காட்டினேன். என் சத்தத்தில் எனக்கே ஆச்சரியம்.

கிள்ளானுக்கு, அக்காவுக்கு என்றதும் பூக்கடை அண்ணன் டப்பாவைப் பார்த்தார். இந்த ஊர்த் தமிழுக்கு வாலில் ஒரு 'லா' உண்டு. "கிள்ளான் வரைக்குமா? தண்ணியாப் போயிடும் லா, ஆன்டி. இந்தாங்க, மல்லி வந்த பொட்டி." மதுரை மல்லி ஐஸ் வைத்து வருகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி அது. அதற்குள் டப்பாவை வைத்து மூடி ஒட்டித் தந்தார். வீட்டுக்குப் போனால் இந்தத் தைரியம் போய்விடும் என்று நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரயிலில் பெண்களுக்கான கோச்சில் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஊர்க் குளிரூட்டியை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு, இன்னும் குளிரட்டும் சாமி என்று வேண்டினேன். ஷா ஆலம் ஸ்டேஷன் வருவதற்குள் மூலையிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. எதிரே இருந்த மலாய் அம்மா என்னையும் பெட்டியையும் பார்த்து, "இக்கான்?" என்றாள். மீனாம்! "ஐஸ், ஐஸ்" என்றேன். மீனுக்கு ஐஸ் போட்டிருக்கிறேன் என்று நினைத்து அவள் தலையாட்டி, ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்துகொண்டாள். மல்லிகை மணக்கிற மீன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, தோளில் ஈரத் துண்டு.

"யாரு கூட்டியாந்தா?"

"நானே வந்தேன்."

"தனியாவா? பொய் சொல்லாதட்டி."

பெட்டியைத் திறந்தேன். ஓரமெல்லாம் தண்ணீர், நடுவில் மட்டும் கட்டி நின்றிருந்தது. "நம்ம ஐஸ் கம்பெனி எலுமிச்சை ஐஸ்க்கா. அப்படியே இருக்கு" என்று ஒரு கரண்டி நீட்டினேன். உதட்டை இறுக்கினாள். ஐஸ் கம்பெனி என்ற பேருக்காகத் திறந்தாள். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். துப்பிவிடுவாளோ என்று நான் மூச்சை விடவில்லை. விழுங்கினாள்.

"போ ட்டி. இதா நம்ம ஊரு ஐஸ்? இது கிள்ளான் ஐஸ் உருண்டை லா. நான் வந்த புதுசுல பாசார் முக்குல உருட்டிக் குடுப்பான். அசாம் போய்னு ஒரு காயப் போட்டு, புளிப்பா."

"அந்த உப்புப் பிளம்ஸா? அதெல்லாம் இதுல இல்லக்கா. தோல் கசப்பு தெரியல?"

"எங்க கசக்குது? குடு பாப்போம்." இரண்டாவது கரண்டி. "இல்லவே இல்ல. ஐஸ் உருண்டதான்."

"நல்லா நாக்குல வச்சுப் பாருக்கா."

"நீ எனக்குச் சொல்றியா? கோவில்பட்டில நீ தின்னதெல்லாம் என் காசு!" மூன்றாவதைத் தானே கரண்டியைப் பிடுங்கி எடுத்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சண்டையை நிறுத்தக் கூடாது! பிறந்ததிலிருந்து அக்காவை நான் எதிர்த்துப் பேசினதில்லை. அன்றைக்கு விடவே இல்லை. உனக்கு நாக்கு செத்துப்போச்சு, உனக்கு ஊரே மறந்துபோச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "எனக்கு ஊரு இது லா, மறக்க என்ன இருக்கு!" என்று அவள் கத்திக் கத்தித் தின்றாள். கதவோரம் நின்ற கலா சேலை முனையை வாயில் அடைத்துக்கொண்டு, உள்ளே வராமல் அழுதுகொண்டே சிரித்தாள்.

டப்பாவில் கடைசியாக ஒரு கட்டி மிஞ்சியது. அக்கா அதை எடுத்துத் தோள் துண்டால் மூடினாள். அவளுக்குப் பல் பாதிதான். கடைவாயில் வைத்துக் கடக்கென்று கடித்தாள். துண்டை விரித்து, பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள். "இந்தா, எச்சியில்ல. நாளைக்கு வரும்போது அசாம் போய் போடச் சொல்லி வாங்கிட்டு வா. அப்பத் தெரியும் யாரு சரின்னு."

நாளைக்கு வரும்போது! ஆஸ்பத்திரிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் காலிப் பெட்டி மடியில் இருந்தது. மல்லிகை வாசம் இன்னும் போகவில்லை. நாக்கைச் சுழற்றி அந்தத் தோல் கசப்பைத் தேடினேன். இருந்தது, நிச்சயமாகக் கோவில்பட்டிதான். ஆனால் ஷா ஆலம் தாண்டினதும், அந்த ஐஸில் இல்லவே இல்லாத அசாம் போய் உப்பு, நாக்கின் ஒரு ஓரத்தில் லேசாகக் கரித்தது.