கேட்டுக்குப் போன பச்சை சைக்கிள்

எங்கள் தெருவில் கஜபதி மாமாவைத் திருடன் என்கிறார்கள். நடந்தது இதுதான்.

மாமா என் அக்கா நாகவல்லியின் கணவர். நெமிலிச்சேரியில் ஒற்றை அறை வீட்டில் நாங்கள் மூவரும் குடியிருக்கிறோம். அம்பத்தூரில், ராணுவ லாரிகளின் பாகங்களுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. ஏழு வருடமாகத் தற்காலிகம்தான். 1989இல் மூன்று பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பட்டியல் போட்டார்கள். மாமாவின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் ரயில் சிக்னலில் நின்றுவிட்டால் அவர் போய்ச் சேர்வதற்குள் சங்கு ஊதிவிடும். இன்னும் ஒரு நாள் தாமதமானால் பெயரை அடித்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அந்த சைக்கிள். திருநின்றவூரில் ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடந்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சக்கரமே சுற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக முறுக்கி ரிம்மின் கோட்டத்தை எடுத்தார். பிரேமின் துருவை உப்புத்தாளால் தேய்த்தே போக்கினார். விரல் நுனிகளில் தோல் உரிந்துபோனது. அக்காதான் சோறு பிசைந்து கொடுத்தாள்.

கடைசியில் பெயிண்ட். கம்பெனியில் காலி டப்பாக்களைக் கூட எண்ணித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆனாலும் டப்பாவின் அடியில் ஒட்டியிருப்பதை எல்லோரும் சுரண்டி எடுத்துப் போவார்கள்; மாமாவும் அப்படித்தான் சேர்த்தார். அங்கே வேலை செய்தவர்கள் வீட்டில் ஒரு பச்சை ஸ்டூலோ பச்சை ஜன்னல் கம்பியோ இல்லாமல் இருக்காது. அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை.

"கருப்பு அடிச்சா இன்னா? சைக்கிள்னா கருப்புதானே" என்றாள் அக்கா.

"போடி. இது லாரிக்கு அடிக்கிறது. நீயும் நானும் போனாலும் இது உதிராது."

திங்கட்கிழமை சங்குக்கு இருபது நிமிடம் முன்னாலேயே கேட்டில் போய் இறங்கினார். ஏழு வருடத்தில் அவ்வளவு சீக்கிரம் அவர் போனதேயில்லை. கூட வேலை செய்யும் சுலைமான் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, எந்த பார்டருக்குப் போற?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். என்ன சிரிப்பு என்று பார்க்க செக்யூரிட்டி அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்தார்.

மற்றவர்களின் பச்சையெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. மாமா மட்டும்தான் அதைக் கேட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனவர்.

பெயிண்ட் ஏது என்று அதிகாரி கேட்டதற்கு, கடையில் வாங்கினேன் என்று அவர் பொய் சொல்லியிருக்கலாம். டப்பாவின் அடியில் இருந்தது சார், வேஸ்ட்தான் என்று உண்மையைச் சொன்னார். அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி பாஸை வாங்கிக்கொண்டு, சைக்கிளையும் சாட்சியாக நிறுத்திக்கொண்டார்கள். சுலைமானும் மற்றவர்களும் தரையைப் பார்த்தபடி உள்ளே போனார்கள். அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது.

அன்று அவர் நெமிலிச்சேரிக்கு நடந்தே வந்தார். வந்ததும் எங்கள் வீட்டுப் பச்சை ஸ்டூலை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். அக்கா பிடுங்கி வைத்தாள்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. வேறு எந்தக் கம்பெனியிலும் அவரை எடுக்கவில்லை. இப்போது வெளியே போவதும் குறைந்துவிட்டது. போன வாரம் வேலை கேட்டு நான் அம்பத்தூரில் அதே கம்பெனிக்குப் போனேன். திரும்பி வந்ததும் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சைக்கிள் கீதா?"

செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னேன். டயர் மக்கிப்போனதையும், ஹேண்டில் பாரில் துரு ஏறிவிட்டதையும், சீட்டை யாரோ கழற்றிக்கொண்டு போனதையும் சொன்னேன்.

"பெயிண்டு?"

"அப்படியே கீது மாமா."

"உதிராது" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.