வாலாட்டிக்கு ஒரு வளைகாப்பு

ஒரு தாய் தன் ஓட்டத்துக்கென்று எவ்வளவு பலத்தை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஏழு வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்போது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு ஒவ்வொரு வருடமும் மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி ஒன்று வரும். சித்திரைக்குள் காணாமல் போய்விடும். ஒரு தடவையாவது அது அங்கேயே குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அந்தப் பங்குனியில் அது ஓயாமல் பூச்சி பிடித்துத் தின்று பந்துபோல உருண்டிருந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அத்தை, வாலாட்டி முழுகாம இருக்கு!”

அப்பாவின் தங்கை குடத்தை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள். “ஆமாடி, ஏழு மாசம் இருக்கும். வளைகாப்பு போட வேணாமா?”

அவள் கேலிக்குச் சொன்னாள். நான் ஞாயிற்றுக்கிழமையே ஏற்பாடு செய்துவிட்டேன். அழுது அடம்பிடித்து அம்மாவிடம் புளிச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் வாங்கினேன். அத்தையின் கண்ணாடி வளையல்களைப் பீலிக் கல்லில் அடுக்கினேன். துணி துவைக்க வந்த பெண்கள் கூடிக் குலவையே போட்டார்கள். குருவியோ சோற்றைத் தொடவில்லை. பொங்கலில் மொய்த்த ஈக்களை மட்டும் பிடித்துத் தின்றது.

“மசக்கைடி, சோறு எறங்காது” என்றாள் அத்தை. பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். “சோத்தக் கண்டா ஓடுற ஆளு இங்க இன்னொருத்தரும் இருக்காங்கல்ல? அண்ணி, கைய நீட்டுங்க. குருவிக்கு வளையல் பெருசு.”

“சும்மா கெட புள்ள!” என்று அதட்டினாலும் அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குருவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்.

அடுத்த வாரம் குருவி போய்விட்டது. ஒருவேளை என் பொங்கல்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பீலியடியில் உட்கார்ந்து அழுதேன். மலையிலிருந்து வந்த அம்மா கொழுந்துக் கூடையை இறக்கினாள்.

“ஏன்டி அழுவுற? வளைகாப்பு முடிஞ்சா பொறந்த வீட்டுக்குத்தானே போவாங்க?”

“எந்தத் தோட்டம்மா?”

“ரொம்பத் தூரம்.”

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பருமன் முட்டையல்ல, கடல் தாண்டி இமயமலைப் பக்கம் போவதற்கான கட்டுச்சோறு. அங்கே போய்ச் சேர்ந்து, மறுபடி தின்று தேறித்தான் முட்டையிடும். அதற்கு வழிக்கு ஒரு காலம், பிள்ளைக்கு ஒரு காலம். அம்மா சொன்னது பொய்யில்லை. அதன் பிறந்த வீடு அங்கேதான்.

ஐப்பசியில் குருவி மெலிந்துபோய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் தம்பி பிறந்திருந்தான். இல்லாத முட்டையைக் குருவியிடம் கண்டுபிடித்த நான், வாந்தியும் கூடையுமாகத் தினமும் மலையேறிய அம்மாவிடம் ஒன்றையும் காணவில்லை. அவளுக்கு இரண்டும் ஒரே காலமாக இருந்தது.

வரும் திங்கட்கிழமை என் பிரசவ விடுமுறை முடிகிறது. விடிந்ததும் பண்டாரவளைக்குப் பஸ் ஏற வேண்டும். பிள்ளைக்குப் பாலும் குறையக் கூடாது. எப்படிச் சமாளித்தாய் என்று அம்மாவைக் கேட்டால், “மொதல்ல நீ சாப்புடு” என்று தட்டை நீட்டுகிறாள். பிள்ளை அழும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள், அக்காமாரே? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.