புகைப் பீரோவுக்குள் நான்

சமைக்கிறவர்களுக்கு அடுப்பு எரியும்போது பயம். அதைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அணைந்த பிறகுதான் பயமே தொடங்கும். கரண்டியும் சுரண்டியுமாகப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில், புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஒரு தோட்ட ஓட்டலில் வேலை பார்த்தேன். முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முசியே என்போம். கறியைப் புகையிலேயே வேகவைக்க, முதலியார்பேட்டைப் பட்டறையில் ஓர் இரும்புப் பெட்டி செய்து வாங்கியிருந்தார். பீரோ உயரம், அகலம் பீரோவைவிட அதிகம். காலையில் அதற்குள் நுழைந்து கரியும் கொழுப்பும் சுரண்டுவது என் வேலை.

கண்ணை இருட்டியது

ஒருநாள் உள்ளே குந்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சூடு சுகமாகத்தான் இருந்தது. திடீரென்று தலை கனத்தது. கை தூக்க வரவில்லை. சாம்பலுக்கு அடியில் முந்தின நாள் கங்கு அணையாமல் கிடந்து, அதன் நச்சுக்காற்று பெட்டிக்குள் நிறைந்திருக்கிறது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

சரிந்ததில் என் கால் வெளியே நீட்டிக்கொண்டதால் பிழைத்தேன். சமையல்காரர் கலியபெருமாள் அண்ணன் அதைப் பிடித்து இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்தார். நான் கண் விழித்ததும் கேட்டார்: "தனம், உயிரோட இருக்கியா, இல்ல முசியேகிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லட்டுமா?"

கதவு

அதன்பின் சாம்பலை முழுக்க வாரிக் கொட்டாமல் நுழைந்ததில்லை. ஆனால் கடல்காற்றை யார் வாரிக் கொட்டுவது? ஒருநாள் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளிக் கொண்டியும் விழுந்துவிட்டது. கும்மிருட்டு. தட்டினேன், பக்கத்தில் கிரைண்டர் ஓடியது.

அப்போது காலுக்குக் கீழே, விறகு எரிக்கிற அடித்தட்டில் கட்டை விழுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அப்புறம் மண்ணெண்ணெய் வாடை. என் பிள்ளைகள் முகம் வந்து நின்றது. சுரண்டியால் இரும்பை வெறிபிடித்தவள் மாதிரி அடித்தேன். கதவு திறந்தது. கலியபெருமாள் அண்ணன் கையில் கிழிக்காத தீக்குச்சி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, உள்ள இருக்கறவ ஒரு வார்த்த சொல்லிட்டு இருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை விருந்து

புகைக்குழாய்க்குள் என் கை எட்டாது. ஆள் வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. தோட்டம் நிறையக் கூட்டம் இருந்த ஒரு மதியம், குழாயில் படிந்த கொழுப்பு பற்றிக்கொண்டது. புகை மஞ்சளாகச் சுருண்டது, பெட்டி உறுமியது. நான் கொண்டியில் கை வைத்துவிட்டேன்.

"தொறக்காத! காத்து உள்ள போனா வெடிச்சிடும்! அடித் துவாரத்த மூடு!" என்று முசியே கத்தினார். காற்றுத் துவாரமோ பெட்டிக்கு அடியில், என் பக்கம். படுத்துக் கை நீட்டினேன். முன்தலை முடி பொசுங்கும் வாடை எனக்கே வந்தது. துவாரத்தை மூடும் தகட்டைத் தள்ளினேன். உறுமல் மெல்ல மெல்ல அடங்கியது.

வேலிப் பக்கம் ஓடிப்போய் நின்ற ஒருவர் திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அப்போ எங்க கோழி வெந்திருக்குமே?"

அடுத்தவர் ருசித்துச் சாப்பிட ஒருத்தி பயந்து சாக வேண்டும் என்பதுதான் அந்த ஓட்டலில் நான் கற்றுக்கொண்ட ஒரே சமையல் குறிப்பு.