வெள்ளைக் கார்க்காரர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து என் கொழுந்தன் சரவணன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஜூன் பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களுக்கு நம் மேல் பாசம் பொங்கும். சாரல் விழ விழப் பாசமும் கூடும். செப்டம்பரில் வெயில் அடிக்கட்டும்... போன்கூட வராது.

புது வெள்ளைக் கார், பெரிய பெரிய துண்டுகள், தண்ணீரில் விழுந்தாலும் கெடாத போன் என்று சரவணன் முழுத் தயாராக வந்திருந்தான். குற்றாலம்தான் தயாராக இல்லை. மலையில் நல்ல மழை. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் — எங்கும் வெள்ளம், குளிக்கத் தடை.

"என்ன மைனி இது?" என்று என்னைக் கேட்டான். ஏதோ நான்தான் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது போல.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர் மானம் போகலாமா? அருவி இல்லாவிட்டால் என்ன, அணை இருக்கிறதே என்று எல்லோரையும் காரில் ஏற்றினார்.

பண்பொழி தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிற அணை அது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நீங்களும் துண்டோடு வந்து நிற்பீர்கள். அரசாங்கம் கட்டிய அணைகளில் கடைக்குட்டி. கீழே இருக்கிற வயல்களுக்கு இதுதான் கதி. பொழுது சாய்ந்தால் மிளா மான்கள் வந்து தண்ணீர் குடிக்கும், சில நாள் யானையும் வரும். சீசன் நேரத்தில், பகலில், நாம் வருவோம். மூன்று கூட்டத்தில் எது அதிகமாகக் குப்பை போடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷட்டருக்குக் கீழே ஓடையில் அகலமான பாறைகள். கணுக்கால் அளவுத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். 'இங்கு குளிக்கக் கூடாது' என்று பெரிய போர்டு இருக்கிறது. அதன் மேல்தான் எல்லோரும் துண்டு காயப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன், இடம் கிடைத்தது.

அருவிகளில் விரட்டப்பட்ட கூட்டமெல்லாம் அங்கேதான். இருநூறு பேராவது இருப்போம்.

பாறையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தபோது மேலே சங்கு ஊதியது. பழைய மில் சங்கு போல நீளமான சத்தம். சரவணன் கொஞ்சம் பயந்துதான் போனான். கரையில் டீ விற்றுக்கொண்டிருந்தவரிடம் என்ன சத்தம் என்று கேட்டான். அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல சார், சோத்துச் சங்கு. தெனம் ஒரு மணிக்கு ஊதும்."

அவ்வளவுதான். பாறைக்குப் பாறை தகவல் பரவியது. பைகள் திறந்தன, இலைகள் விரிந்தன. ஓடை முழுக்கப் புளியோதரை மணந்தது. நாங்களும் டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிட்டோம். மணி அப்போது பன்னிரண்டேமுக்கால்தான் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பசிக்கிற நேரத்தில் யார் வாட்ச்சைப் பார்ப்பார்கள்?

நான் பாதியிலேயே எழுந்தேன். பெண் வாசகர்களுக்குக் காரணம் புரியும் — பாத்ரூம். மேலே அணையின் காவல் அறையில் கேட்டுப் பார்க்கலாம் என்று படியேறினேன்.

அங்கே ஒரு அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மாள். இந்த அணையின் லஸ்கர். தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதி, ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. வீட்டுக்காரர் பார்த்த வேலை, அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் இவளுக்கு வந்தது.

நான் வந்த காரியத்தை வாயெடுத்துச் சொல்வதற்குள் அவள் கேட்டாள்.

"சங்கு ஊதுனேம்லா யக்கா. அம்புட்டு பேரும் ஏன் உக்காந்து சாப்பிடுதாவ?"

சோத்துச் சங்கு விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். தப்பு அவளுடையதும்தான். சங்கு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஊதிப் பார்க்க வேண்டும். கீழே நடவு நடுகிற பெண்கள், அதை ஒரு மணிக்கே ஊதினால் கரையேறிச் சாப்பிட வசதியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். பாவம் பார்த்துத் தினமும் ஊதியிருக்கிறாள். மிஷினும் துருப்பிடிக்காது, வயிறும் காயாது என்று நினைத்திருக்கிறாள்.

ஆனால் இன்றைக்கு ஊதியது நிஜச் சங்கு.

மலையிலிருந்து வரத்து திடீரென்று ஏறிவிட்டது. போனில் இன்ஜினியர். ஷட்டரை உடனே திறக்க வேண்டும், ஆனால் ஓடையில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது என்கிறார்.

"இப்ப திறந்தா இவ்வளவு பேரையும் அடிச்சிட்டுப் போயிரும். திறக்காட்டா கரை தாங்காது, கீழ ஊரு இருக்கு. அதிகம் போனா அரை மணி நேரம்தான் யக்கா."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். நட்ட நடுப் பாறையில் என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை தயிர்சாதம் வாங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை அவ்வளவு பாசத்தோடு நான் பார்த்ததே இல்லை.

பேச்சியம்மாள் மைக்கைப் பிடித்தாள். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. ஷட்டர் திறக்கப் போகிறோம், நிறையத் தண்ணீர் வரப்போகிறது, எல்லோரும் மேலே வாருங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னாள்.

கீழே ஒரே விசில். கைதட்டல். கரையில் உட்கார்ந்திருந்தவர்களும் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினார்கள்! அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தண்ணீரைத் தேடி அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தவர்களை, போன இடமெல்லாம் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். அவர்களிடம் போய்த் தண்ணீர் வருகிறது என்றால்?

டீக்கடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மேலே ஓடி வந்து, மைக்கைப் பிடுங்கி, யானை வருகிறது என்று அறிவித்தார். கூட்டம் சடாரென்று எழுந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால், எழுந்தவர்கள் ஓடவில்லை... போனை எடுத்தார்கள். சரவணன் இன்னும் உயரமான பாறையில் ஏறி நின்று, எந்தப் பக்கம் என்று என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டான்.

நான் மைக்கை வாங்கி வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அவர் பாசமாகக் கையை அசைத்து, தயிர்சாதக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டினார். எனக்கு எடுத்து வைத்திருக்கிறாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேச்சியம்மாள் கீழே ஓடையைப் பார்த்தாள். பிறகு கார்கள் நிற்கிற பொட்டலைப் பார்த்தாள். மைக்கை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை கத்தவில்லை, அவசரமும் இல்லை. ரயில்வே அறிவிப்பு மாதிரி நிதானம்.

"கவனிக்கவும். வெள்ளைக் கலர் கார். பின்னாடி கண்ணாடி இறங்கிக் கிடக்கு. குரங்கு உள்ள போயிட்டு. பையப் பிரிக்கி."

நம்பர் சொல்லவில்லை.

அந்தப் பொட்டலில் நின்றதில் முக்கால்வாசி வெள்ளைக் கார்தான்!

ஐயா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன். கண்ணாடியை ஏத்தினியா என்று கணவன் மனைவியைக் கேட்க, நீங்கதானே கடைசியா இறங்கினீங்க என்று மனைவி திருப்பிக் கேட்க, கேட்டுக்கொண்டே இருவரும் ஓட... வேனில் வந்தவர்கள் ஓடினார்கள். சிவப்புக் கார்க்காரர் ஓடினார். பஸ்ஸில் வந்தவர்கள்கூட, எல்லோரும் ஓடுகிறார்களே என்று ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது சரவணன். பின் சீட்டில் ரம்புட்டானும், செங்கோட்டையில் வாங்கிய நேந்திரம் சிப்ஸும் இருந்தன.

உயிருக்கு ஆபத்து என்றால், பார்த்துக்கலாம் என்கிறோம். சிப்ஸுக்கு ஆபத்து என்றால் மட்டும் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறோம். நாம் இப்படித்தான், அரசாங்கம் போர்டை மாற்றி எழுதுவது நல்லது.

ஓடை காலி. பேச்சியம்மாள் கரையோரமாகவே வளைவு வரை போய், ஒரு பாறை விடாமல் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். ஆள் இல்லை என்று போனில் சொன்னாள். இன்னொரு முறை சங்கு ஊதிவிட்டு ஷட்டரை ஏற்றினாள்.

செம்மண் நிறத்தில் வந்தது தண்ணீர். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. மறந்து விட்டுவந்த என் டிபன் கேரியர் ஒரே ஒரு தடவை தலைகாட்டியது. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்றைக்கும் இல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

சரவணன் மட்டும் கார் பக்கமிருந்து கோபமாக வந்தான். காரில் குரங்கும் இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. ஓடி வந்ததில் முழங்காலில் வேறு சிராய்ப்பு.

"கவர்மென்ட் மைக்ல பொய் சொல்லலாமா மைனி? இதை நான் சும்மா விடப் போறதில்ல."

புகார் எழுத வேண்டும் என்றான். பேச்சியம்மாள் மறுபேச்சுப் பேசாமல் புகார் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பேனாவும் கொடுத்தாள். 'இல்லாத குரங்கை இருப்பதாக அறிவித்து, குளித்துக்கொண்டிருந்த பொதுமக்களை அலைக்கழித்தார்' என்று நாலு வரி நறுக்கென்று எழுதினான். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் போட்ட இரைச்சலில், எழுதிக்கொண்டே அவன் பேசியது எங்களுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

அவள் வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். நேரத்தையும் போடச் சொன்னாள். அவன் போட்டான்.

"கோவப்படாதிய தம்பி. புகார் எழுத ஆளு மேல வந்து சேந்துட்டுல்லா... அதுக்குத்தான எனக்குச் சம்பளம்" என்றாள்.

சரவணன் அப்போதுதான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று பேச்சியம்மாள் நோட்டை என் பக்கம் திருப்பினாள் — போட்டேன், நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும்.