ரசமட்டம்

கண்ணாடித் தட்டை எக்ஸ்ரே கருவியின் சின்ன மேடையில் வைத்தாகிவிட்டது. அவர் முட்டி போட்டு, ஒரு கண்ணை இடுக்கி, கன்னம் மேடையில் உரசுகிற அளவுக்குக் குனிகிறார். "மட்டமா இருக்குன்னு மேடை மோட்டார் சொல்றது கிடக்கட்டும், என் கண்ணு ஒத்துக்கணும்ல?" கொத்தனார் பையில் கிடக்கும் கருவியின் பெயர் இவருக்கு எப்படி வந்தது என்று இதைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. கூடமே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுகிறது.

எக்ஸ்ரே கூடத்து டெக்னீஷியன் அவர். மை போலப் பூசிச் செய்யும் பிளாஸ்டிக் சூரிய மின்கலங்களை ஆராய்கிறவர்கள் அவரிடம் வருவார்கள். பூச்சு தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிசு. அதற்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மின்சாரம். பூச்சின்மேல் கதிரைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் விட்டால், சிதறும் கதிர்கள் திரையில் வளைவுகளாக விழுந்து அந்த அடுக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். "தடவிட்டுப் போகணும், குத்தக் கூடாது" என்பார். மேடையில் தூசி தட்டுவது மகளின் ஓவியத் தூரிகையால். வீட்டில் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவரை இப்போதும் மறக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். நான்கு மணிக்குக் கதிரை நிறுத்திவிடுவார்கள். அடுத்த முறை எட்டு மாதம் கழித்து. கொண்டுவந்தது பூச்சு பூசிய இரண்டு கண்ணாடித் தட்டு, ஒன்று சூடாக்கியது, ஒன்று சூடாக்காதது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் அவள் ஆய்வுக்கு முடிவு. காலையில் அவர் பழுதான பம்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, முதல் தட்டை அவளே அவசரமாக வைத்தாள்.

மூன்று மணிவரை திரையில் வெறும் மங்கல்.

"ஒரு வளைவுகூட இல்லண்ணே. பதினாறு மாசம் பூசினது அத்தனையும் வீண்."

பம்ப்பை விட்டுவிட்டு அவர் வந்தார். தட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். கீறலே விழவில்லை.

"பூச்சு குப்புறப் படுத்திருக்கும்மா. இவ்வளவு நேரமா வெறும் கண்ணாடியைப் படம் புடிச்சிருக்கோம்."

அவள் முகம் செத்துப்போயிற்று. அவர் இடுக்கியால் தட்டைத் திருப்பினார். தட்டை நகராமல் பிடித்துவைக்கும் மேடையின் உறிஞ்சுதுளை பூச்சின் நடுவில் தழும்பு வைத்திருந்தது. ஓரம் பிழைத்திருந்தது.

"வெச்சது நீ, பாக்காம விட்டது நான். ஆளுக்குப் பாதி. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம், வா."

ஓரத்தில் கதிரைத் தடவவிட்டு மட்டம் பிடிக்கவே அரைமணிக்கு மேல் ஆயிற்று. திரையில் முதல் வளைவு எழும்பியபோது அவள் அழுதேவிட்டாள். அவர் கைக்குட்டையை நீட்டினார். கிரீஸ் வாசனை.

இரண்டாவது தட்டு மிச்சம். அதில் பூச்சு முழுசாக இருப்பதால் மட்டம் சீக்கிரம் பிடிபடும். நேரம் பதினொரு நிமிடம். அவர் வைத்தால் சட்டென்று முடியும்.

"நீங்களே வெச்சிடுங்கண்ணே. என் கை நடுங்குது."

"நடுங்கினா நடுங்கட்டும். உன் தட்டு, நீயே வை."

இடுக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துபோய், சுவர்க்கடிகாரம் அவள் கண்ணில் படாதபடி அதன் முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.