பிள்ளை பெற்ற பண்டாராயா மீன்

எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பிரசவங்கள் நடந்தன. முதலாவது, பெரியாஸ்பத்திரியில் என் தம்பி. இரண்டாவது, பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், மீன்தொட்டிக்குள் கிடந்த ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயில். முதல் பிரசவத்தில் என்னை ஒருவரும் மதிக்கவில்லை. அதனால் இரண்டாவதற்கு நானே என்னைத் தலைமை மருத்துவராக நியமித்துக்கொண்டேன். படிப்பு, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு.

பண்டாராயா என்றால் மலாயில் நகராட்சி. கண்ணாடியில் படியும் பாசியை ஓயாமல் சுரண்டித் தின்பதால் அந்த மீனுக்கு எங்கள் ஊரில் இந்த உத்தியோகப் பெயர். அப்பா வளர்த்தது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டை ரகத்தில் ஒரு ஜோடி. ஒன்றுக்கு மூக்கைச் சுற்றி முள் முள்ளாக மீசை. மற்றது மழமழவென்று கொழுத்தது. அவற்றைக் குஞ்சு பொரிக்க வைப்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. குழாய் போட்டுப் பார்த்தார், குளிர்ந்த தண்ணீர் மாற்றிப் பார்த்தார், மழை பெய்தால் தொட்டி பக்கத்தில் போய் நம்பிக்கையோடு நின்றார். அம்மா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த மறுநாள்தான் பலித்தது. குழாய்க்குள் ஆரஞ்சு மணிகளாய் ஒரு கொத்து முட்டை. மீசைக்கார மீன் அதன் மேல் படுத்து வாலால் விசிறிக்கொண்டே இருந்தது. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை.

அம்மாவுக்குப் பத்தியம் பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து பெரியம்மா ஃபெரி ஏறி வந்திருந்தார். பூண்டு, இஞ்சி, சுறாக் கருவாடு என்று ஒரு சிறு மளிகைக் கடையே கூட வந்தது. வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் அறை ஜன்னலைச் சாத்தி, மேசை ஃபேனை நிறுத்தினார். பச்சை உடம்புக்குள் காற்றுப் புகுந்தால் ஆயுளுக்கும் மூட்டுவலி என்பது அவர் கட்சி. பினாங்கு வெயிலில், காலுறையும் காது மறைத்த துணியுமாக, அம்மா இட்லிப் பானைக்குள் வைத்ததுபோல் வெந்துகொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் மெல்லிய குரலில் ஃபேன் போடச் சொல்லிக் கெஞ்சினார். தம்பி வேர்க்குருவோடு அழுதான்.

அலுவலகத்தில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்கும் அப்பா, பெரியம்மா முன்னால் மட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையனாகிவிடுவார். ஒரே ஒரு முறை, ஃபேன் கொஞ்சம் ஓடினால் தேவலை என்று இழுத்துப் பார்த்தார்.

"நீங்களா பெத்தீங்க, தம்பி?" என்றார் பெரியம்மா. அதோடு சரி.

இந்த நிலையில்தான் தலைமை மருத்துவராகிய நான் வாயைத் திறந்தேன். தொட்டியிலும் ஒரு பிரசவம், தாய் மீன் பட்டினி என்று பெரியம்மாவிடம் அறிக்கை வாசித்தேன். அவர் குனிந்து குழாய்க்குள் பார்த்தார். மனசு இளகிவிட்டது. "பாவம், பச்ச ஒடம்புக்காரி. அதுக்குப் போயி இப்படிக் காத்தடிக்க விடுறதா?" என்றவர், தொட்டிக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருந்த காற்று மோட்டாரைப் பிடுங்கினார். தொட்டியைச் சுற்றி ஒரு கைலியும் கட்டினார். ஒரு பல் பூண்டைத் தண்ணீரில் போட்டார். மருத்துவர் என்ற முறையில் நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அப்பா வந்து கைலியை விலக்கினார். மீசை மீன் மூச்சு வாங்க, வால் தெரியாத வேகத்தில் விசிறிக்கொண்டிருந்தது. முட்டைகளில் சில வெளுத்துப்போயிருந்தன. அப்பா மோட்டாரைச் சொருகினார். பிறகு, எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, பெரியம்மாவைத் தொட்டி பக்கத்தில் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. சோறு தண்ணி இல்லாம இவ எதுக்கு ஓயாம விசிறுறா? காத்துக்குத்தான் லா. காத்து இல்லன்னா புள்ளைங்க செத்துரும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

பெரியம்மா வெகுநேரம் பார்த்தார். வாலும் நிற்கவில்லை. "பெத்தவளே விசிறுறான்னா..." என்று முணுமுணுத்தபடி அம்மாவின் அறைக்குள் போனார். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. "செவுத்தப் பாத்து ஓடட்டும்" என்றும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தம்பியின் அழுகை நின்றது. அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

மறுநாள், வெளுத்த முட்டைகளை என்ன செய்வதென்று கேட்க அப்பாவும் நானும் மீன்கடைக்குப் போனோம். கடைக்காரச் சீன அங்கிள் என் மருத்துவ விளக்கத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மீசை உள்ளது ஆணாம். முட்டையைப் போட்டதோடு பெண்ணின் வேலை முடிந்ததாம். அடைகாப்பதெல்லாம் அப்பன்தானாம். நான் அதிர்ந்துபோனேன். என் அப்பா அதிரவே இல்லை, பழைய செய்தி கேட்பவர்போல நின்றார். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது மட்டும் குனிந்து, "பெரியம்மாகிட்ட இத சொல்லிறாதம்மா" என்றார்.

நான் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய தவம். குஞ்சுகள் வெளியே வந்து கண்ணாடியெங்கும் கடுகுபோல ஒட்டிக்கொண்டன. ஊருக்குக் கிளம்பிய அன்று பெரியம்மா தொட்டி முன் நின்றார். வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த கொழுத்த மீனைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று திட்டினார். மீசைக்காரனிடம் குரல் தழுதழுக்க, "ஒடம்பப் பாத்துக்கடி" என்றார். அப்பா அவர் பையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆண்பிள்ளை ஒருவன் முட்டைமேல் உட்கார்ந்த விஷயம் வெளியே தெரிந்தால் மீனுக்கு மானக்கேடு, அதனால்தான் அப்பா மறைக்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். ஒரு மீனின் கௌரவத்துக்காக இவ்வளவு பாடுபடும் மனிதரை அப்பாவாகப் பெற்றதற்குப் பெருமைப்பட்டேன். அம்மாவின் அறையில் அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த மீன் பெண்ணாகவே இருந்தாக வேண்டும் என்பது, தலைமை மருத்துவருக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.